ஆறு பேர் பின்னிய 48 சதுரங்கள்: எந்த முறையில் இணைப்பது?

செந்தூல் நூல்கண்டு:

வணக்கம். எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பெண்கள் ஆறு பேர், முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போர்வை பின்னிக்கொண்டிருக்கிறோம். 48 கிரானிச் சதுரங்கள் (குரோஷே கொக்கியால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னுபவை) தயார். எல்லாம் ஐந்து சுற்று, எல்லாம் மில்க் காட்டன் என்ற பருத்தி-அக்ரிலிக் கலப்பு நூல், எல்லோர் கையிலும் 4 மி.மீ. கொக்கி. ஆனாலும் மேசையில் பரப்பிப் பார்த்தால் ஒன்று 13.5 செ.மீ., இன்னொன்று 15 செ.மீ. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு என்று அடுக்க நினைக்கிறோம்.

கம்பளி ஊசியால் தைப்பதா, கொக்கியாலேயே கோப்பதா? மண்டபத்தில் இரண்டு கட்சியாக நிற்கிறோம். அந்த இல்லத்தில் துணிகள் அடிக்கடி வாஷிங் மெஷினுக்குப் போகும், பிறகு சூடான உலர்த்திக்கும் போகும். பார்வைக்கு அழகாக இருப்பதைவிட, பல காலம் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பங்சார் தோழி:

மேட்ரஸ் ஸ்டிச் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு சதுரங்களையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி அருகருகே வையுங்கள். மொட்டை முனையுள்ள ஊசியால் இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல் என்று ஏணிப்படிபோலக் கோத்துக்கொண்டே போய், சில தையலுக்கு ஒருமுறை நூலை மெல்ல இழுத்தால் படிகள் மறைந்து இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த இடமே தெரியாது. நூல் செலவும் மற்ற முறைகளைவிடக் குறைவு. கொக்கியால் இணைத்தால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு கோடு தெரியும்.

கெப்போங் ஊசிமுனை:

கோடு தெரிந்தால் என்ன? நான் எப்போதும் ஸ்லிப் ஸ்டிச்தான், கொக்கியால் போடும் மிகக் குட்டையான தையல். சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின் இழைகளில் மட்டும் (தையலின் உச்சியில் உள்ள இரண்டு இழைகளில் பின்னால் இருப்பது) கொக்கியை விட்டு இழுத்துக்கொண்டு போனால் வேகமாக முடிந்துவிடும். நூலை அடிக்கடி வெட்டிக் கோக்க வேண்டியதில்லை, கண்டிலிருந்து நேராக வந்துகொண்டே இருக்கும். தைக்கும்போது நீளமான நூல் நூறு முறை துளைகளில் உரசி நைந்துபோகிறது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சதுரம் கெட்டுப்போனாலும் ஸ்லிப் ஸ்டிச்சைப் பிரித்து மாற்றுவது எளிது.

ஜெலுத்தோங் அக்கா:

தங்கை, இணைக்கும் முறையைப் பிறகு பேசலாம். முதலில் ஒவ்வொரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் தையல்களை எண்ணிவிடுங்கள். சதுரம் சிறியதா பெரியதா என்பது இரண்டாம் பட்சம். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் எந்த முறையில் இணைத்தாலும் தையலுக்குத் தையல் பொருந்தும். எண்ணிக்கை பிசகினால் உலகத்திலேயே சிறந்த முறையில் இணைத்தாலும் கோடு நெளியும்.

ஐந்து சுற்றுக் கிரானி என்றால் கடைசிச் சுற்றில் பக்கத்துக்கு ஐந்து கொத்து, கொத்துக்கு மூன்று டபுள் குரோஷே, ஆக 15 தையல். கொத்துகளுக்கு நடுவே சங்கிலித் தையல் போட்டிருந்தால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். நான் எழுதுவதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள்: சிங்கிள் குட்டைத் தையல், ஹாஃப் டபுள் அதைவிட உயரம், டபுள் இன்னும் உயரம். நம் பக்கத்துப் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் என்று இருப்பது இங்கே சிங்கிள்.

அடுத்தது அளவு. 1.5 செ.மீ. வித்தியாசத்தை இழுத்துப் பிடித்து இணைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முதல் சலவைவரை சரியாக இருக்கும். பிறகு சிறிய சதுரம் தன் அளவுக்குச் சுருங்கும், பக்கத்தில் உள்ள பெரியது உப்பும். நனைத்து ஊசி குத்திக் காயவைத்தாலும் இதே கதிதான். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், அடுத்த சலவையில் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். நீங்கள் சூடான உலர்த்தி என்று வேறு சொல்கிறீர்கள்.

ஆகவே 48 சதுரங்களுக்கும் ஒரே நிறத்தில் இன்னொரு சுற்று போடுங்கள். பெரிய சதுரங்களுக்கு 3.5 மி.மீ. கொக்கியில் சிங்கிள் குரோஷே. நடுத்தரமானவற்றுக்கு 4 மி.மீ. கொக்கியில் அதே சிங்கிள். சிறியவற்றுக்கு 4.5 மி.மீ. கொக்கியில் ஹாஃப் டபுள். ஹாஃப் டபுள் சற்றே உயரமானது என்பதால் சதுரம் நான்கு பக்கமும் கூடுதலாக வளரும், ஆனால் தையல் எண்ணிக்கை மாறாது. இந்த வித்தையின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது. உயரம் இன்னும் வேண்டும் என்று டபுள் குரோஷேவுக்குப் போக வேண்டாம். அந்த உயரத்துக்கு மூலையில் தையல் போதாமல் சதுரம் குவிந்துவிடும்.

மூலையில் ஒரு தையல், இரண்டு சங்கிலி, ஒரு தையல். அப்படிப் போட்டால் பக்கத்துக்கு 15 உடன் 2 சேர்ந்து 17 தையல். மூலைச் சங்கிலி இரண்டாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு: ஒன்று இந்தப் பக்கத்துக்கு, ஒன்று அந்தப் பக்கத்துக்கு. மூலையிலிருந்து மூலைவரை இணைக்க 19 இடம். ஒற்றைப்படைச் சங்கிலி போட்டால் நடுச் சங்கிலி யாருக்குச் சொந்தம் என்ற தகராறு கடைசிவரை தொடரும்.

அளவு முழுவதும் சமமாகிவிடாது. மிச்ச வித்தியாசத்தைத் தையலுக்குத் தையல் பிடிக்கும்போது ஓரம் தானே பகிர்ந்துகொள்ளும்.

செந்தூல் நூல்கண்டு:

அக்கா, நேற்று மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம். நான்கு சதுரங்களில் ஏதோ ஒரு பக்கம் 14தான் இருக்கிறது. ஒரு கொத்தில் இரண்டு டபுள் மட்டும் விழுந்திருக்கிறது. பிரித்துப் பின்ன வேண்டுமா?

ஜெலுத்தோங் அக்கா:

வேண்டாம். புதிய சுற்றில் அந்தக் கொத்தின் நடுவே ஒரே இடத்தில் இரண்டு சிங்கிள் போடுங்கள். 17 வந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது.

கெப்போங் ஊசிமுனை:

ஒரு யோசனை. எப்படியும் 48க்கும் ஒரு சுற்று போடப்போகிறீர்கள். அந்தச் சுற்றிலேயே பக்கத்துச் சதுரத்தோடு இணைத்துவிடலாமே? முதல் சதுரத்தைச் சுற்றி முழுதாக முடியுங்கள். இரண்டாவதில், பக்கத்துச் சதுரத்தைத் தொடும் ஓரம் வரும்போது ஒவ்வொரு தையலுக்கும் முன் கொக்கியை இழையிலிருந்து கழற்றி, அண்டைச் சதுரத்தின் அதே இடத்துத் தையலில் நுழைத்து, கழற்றிய இழையை அதன் வழியாக இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல் சிங்கிள். சுற்று முடியும்போது சதுரமும் இணைந்திருக்கும். தனியாகத் தைக்கும் வேலை இல்லை, மறைக்கக் கூடுதல் நூல் முனைகளும் இல்லை, முன்னும் பின்னும் மட்டமாக இருக்கும்.

பங்சார் தோழி:

அந்த முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வரிசை அமைப்பை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் இரண்டு சிவப்புச் சதுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் மாற்ற முடியாது.

ஜெலுத்தோங் அக்கா:

தனி ஆள் பின்னும் போர்வைக்கு கெப்போங் சொன்னது மிக நல்ல முறை. என் வீட்டில் அப்படி இணைத்த விரிப்பு உண்டு. ஆனால் செந்தூலில் ஆறு பேர் இருக்கிறார்கள். பின்னிக்கொண்டே இணைத்தால் போர்வை ஒரே மடியில்தான் வளரும், மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனித்தனியாகச் சுற்று போடுவதென்றால் ஆளுக்கு எட்டுச் சதுரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதைவிட முக்கியமானது பழுது பார்ப்பது. ஓர் இல்லத்தில் பல பேர் கைபடும் போர்வையில் என்றாவது ஒரு சதுரம் கிழியும், கறை படியும். சுற்றோடு சேர்த்து இணைத்திருந்தால் அந்த ஒரு சதுரத்தைக் கழற்றக் கத்தரி வைக்க வேண்டிவரும். தனிக் கோடாக இணைத்திருந்தால் அதன் நான்கு ஓரங்களை மட்டும் பிரித்துப் புதியதை வைத்துவிடலாம்.

கெப்போங் ஊசிமுனை:

பழுது பார்ப்பது பற்றிச் சொன்னது சரி, அக்கா. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஸ்லிப் ஸ்டிச்சா?

செராஸ் செவிலி:

நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். நூல் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் போர்வை எங்கே எப்படிப் பயன்படும் என்று தெரியும். சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில், ஓட்டைகள். விரல் நடுங்குபவர்களுக்கும் மோதிரம் போட்டிருப்பவர்களுக்கும் இணைப்பில் உள்ள பெரிய இடைவெளிகளில் விரல் மாட்டிக்கொள்கிறது. இழுப்பார்கள், நூல் வெளியே வந்துவிடும். சங்கிலி வளைவுகளாகப் போடும் லேஸ் போன்ற இணைப்பு வேண்டவே வேண்டாம். நான்கு சதுரங்களின் மூலைகள் சேரும் இடத்தில் வரும் ஓட்டையையும் கவனித்து மூடுங்கள்.

அடுத்து, மேடு. சக்கர நாற்காலியில் மடிமேல் போடும் போர்வையென்றால் மேல்பக்கத்தில் இணைப்பு மேடாக இருப்பதில் தவறில்லை. மறதி நோய் உள்ளவர்கள் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களை அமைதிப்படுத்துகிறது. ஆனால் படுக்கையிலேயே இருப்பவரின் உடலுக்குக் கீழே அந்த மேடு போகக் கூடாது. வயதானவர்களின் தோல் மிக மெல்லியது, ஒரே இடத்தில் அழுத்தினால் புண்ணாகும். ஆகவே கீழ்ப்பக்கம் மட்டமாக இருக்கட்டும்.

இன்னொன்று, எடை. பருத்தி தண்ணீரை நிறைய உறிஞ்சும். ஈரமான போர்வையை மெஷினிலிருந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது எல்லா எடையும் இணைப்புகளில்தான் தொங்கும். இதைப் போர்வை பின்னுகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

செந்தூல் நூல்கண்டு:

சகோதரி, மிக்க நன்றி. இப்படி ஒருவர் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன். போர்வை மடிமேல் போடுவதற்குத்தான் என்று இல்லத்தில் உறுதி செய்துகொண்டேன்.

எல்லோர் கருத்தையும் வைத்து மாதிரி செய்து பார்த்தோம். முறைக்கு ஒரு சோடிச் சதுரம் இணைத்து, துண்டுகளோடு சேர்த்து மெஷினில் போட்டு, சூடான உலர்த்தியில் காயவைத்தோம். மேட்ரஸ் ஸ்டிச் பார்க்க இன்னும் அழகாகவே இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் படிகள் வாய் திறக்கின்றன. 4 மி.மீ. கொக்கியில் போட்ட ஸ்லிப் ஸ்டிச் கோடு சுருங்கிவிட்டது, சதுரங்கள் கோட்டின் இருபுறமும் உப்பி நிற்கின்றன. அதையே 5 மி.மீ. கொக்கியில் போட்டது மட்டமாக இருக்கிறது. பின் இழையில் மட்டும் போட்டதால், இழுக்கும்போது அந்த ஒற்றை இழை நீண்டு மெலிகிறது. உள்பக்கங்களைச் சேர்த்து வைத்து இரண்டு இழைகளிலும் போட்ட சிங்கிள் குரோஷே கொஞ்சமும் அசையவில்லை. நல்ல பக்கத்தில் மேடு, கீழே மட்டம்.

எனக்கு சிங்கிள் குரோஷேவே சரியென்று படுகிறது. மண்டபத்தில் கையால் தைக்க வேண்டும் என்று நின்றவர்கள்கூட மாதிரியை இழுத்துப் பார்த்தபின் இதற்கு வந்துவிட்டார்கள்.

பங்சார் தோழி:

இந்தப் போர்வைக்கு நீங்கள் எடுத்த முடிவு நியாயமானது. மெத்தை உறைக்கும் சுவரில் தொங்கும் விரிப்புக்கும் நான் மேட்ரஸ் ஸ்டிச்சைத்தான் சொல்வேன். அவை ஈரத்தில் தொங்கப்போவதில்லை.

ஜெலுத்தோங் அக்கா:

நல்ல முடிவு. இப்போது வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

சதுரத்துக்குச் சதுரம் சுற்றி வந்து இணைக்காதீர்கள். கோடு கோடாகப் போங்கள். ஆறுக்கு எட்டு என்றால் குறுக்கே ஏழு கோடு, நெடுக்கே ஐந்து கோடு, மொத்தம் 12 நீளக் கோடுகள்தான். குறுக்குக் கோடுகள் ஏழையும் முதலில் முடித்துவிட்டு நெடுக்குக் கோடுகளுக்கு வாருங்கள். கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 24 முனைகளைத்தான் மறைக்க வேண்டிவரும்.

நெடுக்குக் கோடு போடும்போது பழைய குறுக்குக் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சங்கிலி போட்டு மேலாகத் தாண்டுங்கள். சங்கிலி இல்லாமல் நேராக அடுத்த சதுரத்துக்குத் தாவினால் அந்த இடம் இறுகி நான்கு மூலைகளும் மேலே எழும். செவிலித் தங்கை சொன்ன ஓட்டையும் இதில் மூடிவிடும், ஏனென்றால் இருபுறமும் மூலைச் சங்கிலிகளில் கொக்கி நுழைந்திருக்கும்.

இணைக்க 4.5 மி.மீ. கொக்கி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, 12 கோடுகளையும் ஒரே ஆள் போடட்டும். சதுரத்தில் ஆறு பேரின் கை இருப்பது அழகுதான். இணைப்பில் ஆறு பேரின் கை இருந்தால் ஒரு கோடு தளர்ந்தும் ஒரு கோடு இறுகியும் போர்வை கோணலாகும். மற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போகாது. சதுரங்களின் முனைகளை மறைப்பதே பெரிய வேலை.

செந்தூல் நூல்கண்டு:

இணைப்புக்கு எத்தனை கண்டு வாங்க வேண்டும், அக்கா? நடுவில் தீர்ந்து, அடுத்த முறை போகும்போது அதே சாய எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கான எண்) கிடைக்காவிட்டால் சங்கடம். கோலாலம்பூர் மஸ்ஜித் ஜமேக் ரயில் நிலையத்தில் இறங்கிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கெப்போங் ஊசிமுனை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு ஓரத்தை இணைத்து, பிரித்து, எவ்வளவு நூல் போனது என்று அளந்து பாருங்கள். குறுக்கே 7 கோட்டில் ஆறு ஓரம் வீதம் 42, நெடுக்கே 5 கோட்டில் எட்டு ஓரம் வீதம் 40, மொத்தம் 82 ஓரங்கள். அளந்ததை 82 ஆல் பெருக்கி, கண்டின் உறையில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கால் வகுத்தால் விடை. அதற்கு மேல் ஒரு கண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள், வெளி ஓரத்துக்கு எப்படியும் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசகி:

இடையில் நுழைகிறேன். மேலே யாரோ சிவப்புச் சதுரம் என்று சொன்னீர்கள். சிவப்பு, மெரூன், கருநீலம் எதுவாக இருந்தாலும் இணைப்பதற்கு முன் சாயம் பாருங்கள். தண்ணீரில் நனைத்து, பிழியாமல், வெள்ளைத் துணியில் சுருட்டி ஓர் இரவு வையுங்கள். துணியில் நிறம் இறங்கியிருந்தால் அந்தச் சதுரங்களைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள், தண்ணீர் தெளியும்வரை. அப்படியும் நிற்காவிட்டால் போர்வையில் சேர்க்காதீர்கள். வெளிர்நிறக் கோட்டில் சாயம் ஏறிவிட்டால் எந்த இணைப்பு முறையும் காப்பாற்றாது. மழைக்காலமென்றால் மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவையுங்கள். அடுக்கி வைத்தால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை வாடை வந்துவிடும்.

செந்தூல் நூல்கண்டு:

நல்ல வேளை சொன்னீர்கள். மெரூன் பதினொன்று இருக்கின்றன. இன்றே நனைக்கிறேன்.

முனைகளைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு நூலையும் முடிச்சுப்போட்டு ஒட்ட வெட்டிவிடுகிறார். முடிச்சு இறுகிவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்.

ஜெலுத்தோங் அக்கா:

அந்தச் சகோதரிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மில்க் காட்டன் வழுக்கும் நூல். மெஷினில் உருண்டு உருண்டு முடிச்சின் வெட்டிய நுனி உள்ளே நழுவும், ஒருநாள் முடிச்சு அவிழும். 15 செ.மீ. நுனி விடுங்கள். ஊசியில் கோத்து ஒரே நிறத் தையல்களுக்குள் ஒரு பக்கம் செருகி, திரும்பி எதிர்ப்பக்கம் செருகி, மறுபடி திரும்பி இன்னொரு முறை. நூலின் புரிகளுக்கு நடுவே ஊசியைக் குத்திக்கொண்டு போனால் பிடிப்பு இன்னும் அதிகம். இணைப்புக் கோட்டின் முனைகளை வெட்டாமல் தொங்க விட்டால் வெளி ஓரச் சுற்றுக்குள் மூடிவிடலாம்.

செராஸ் செவிலி:

முடிச்சு அக்கா சொன்ன காரணத்துக்காக மட்டுமன்று, தோலுக்கும் ஆகாது. சிறு முடிச்சுகூட மணிக்கணக்கில் தொடையில் அழுத்தும்.

செந்தூல் நூல்கண்டு:

கடைசியாக வெளி ஓரம். சாதாரணமாக ஒரு சுற்று சிங்கிள் போட்டால் போதுமா? இணைப்பு வந்து முடியும் இடங்களில் என்ன செய்வது? மாதிரியில் அந்த இடத்தில் ஓரம் அலைபோல் எழுகிறது.

கெப்போங் ஊசிமுனை:

அங்கே இரண்டு மூலைச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரண்டிலும் தனித்தனித் தையல் போட்டால் தையல் கூடி ஓரம் எழும்பும். முதல் சங்கிலியில் கொக்கியை விட்டு ஓர் இழை, இரண்டாவதில் விட்டு ஓர் இழை, பிறகு கொக்கியில் உள்ள மூன்று இழைகளையும் சேர்த்து ஒரே சிங்கிளாக முடித்துவிடுங்கள். போர்வையின் நான்கு வெளி மூலைகளில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று சிங்கிள்.

ஜெலுத்தோங் அக்கா:

அந்தச் சுற்றுக்குமேல் இன்னொரு சுற்று சிங்கிள், அதற்குமேல் ஒரு சுற்று கிராப் ஸ்டிச். வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் பின்னோக்கிப் போடும் அதே சிங்கிள்தான் அது. போட்டால் ஓரம் முறுக்கு நூல் வைத்ததுபோல் விறைப்பாக நிற்கும், ஈரத்தில் தொங்கினாலும் அவ்வளவாக நீளாது. இதற்கு 4 மி.மீ. கொக்கிக்கே திரும்பிவிடுங்கள், 4.5 இல் போட்டால் தளர்ந்துவிடும்.